பாக்கியம் அக்கா போட்ட ஒரு கையெழுத்து

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கப் பெயர் கூப்பிட்டபோது, "பாக்கியமேரி" என்றதற்குப் பதில் வரவில்லை. தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், "அக்கா போயிட்டாங்க, நெஞ்சு வலி" என்றார். கேரளாவில், சூரியநெல்லிக்கு மேலே உள்ள எங்கள் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் அவர். நான் அதே எஸ்டேட் ஆபீஸில் எழுத்து வேலை பார்ப்பவள். அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்பதைப் படிப்பவர்கள் முடிவு செய்யட்டும்.

சூப்பர்வைசரின் தொல்லையைப் பற்றி எந்தப் பெண்ணாவது வாய் திறந்தால், மறுநாள் எதிர்ச் சரிவில், கோடியில், கொழுந்து பறிக்க அவளுக்குத் தனியாக ஒரு செடி நிரை ஒதுக்குவார்கள். கத்தினாலும் யாருக்கும் கேட்காது. பாக்கியம் அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய் நிற்பார். "எனக்கும் இந்த நெரதான் தோது, சார்" என்பார். திட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை.

எஸ்டேட்டில் பெண்களுக்கான புகார்க் குழு அமைத்தபோது தொழிலாளர் தரப்பில் அவரைப் போட்டார்கள். அவருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதது நிர்வாகத்துக்கு வசதியாக இருந்தது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் சூப்பர்வைசர் கைவைத்தான் என்று செல்வி அழுதுகொண்டு வந்தபோது, அக்கா அவளை ஆபீஸுக்கே கூட்டிவந்தார். இரண்டு நாள் கழித்து மேனேஜர், செல்வியின் புகார் என்று சொல்லி, கையெழுத்துக்காக மலையாளத் தாள் ஒன்றை அக்காவிடம் நீட்டினார்.

"பராதி மேல அனுப்பணும். ஒப்பு போடுங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஜெயா, நீ வாசிச்சுச் சொல்லும்மா. சரியாத்தான எழுதிருக்கு?"

அதை டைப் செய்தவளே நான்தான். செல்வி புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அதில் இருந்தது. மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் இருக்குக்கா" என்றேன்.

அக்கா கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளின் நகல் கைக்கு வந்த அன்றே செல்வி கம்பத்துக்கு வண்டி ஏறிவிட்டாள். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளில் என்ன இருந்தது என்று தெரிந்ததும் அக்கா என்னிடம் வந்தார். கத்துவார் என்று பயந்தேன். அவர் கத்தவில்லை.

"ஒனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கே, ஜெயா" என்றார். அதற்குப் பிறகு அவர் ஆபீஸ் படி ஏறவே இல்லை.

அடக்கத்துக்கு அந்தச் சூப்பர்வைசர் மாலையோடு வந்திருந்தான். வெட்கமே இல்லாமல் நானும் பக்கத்தில் நின்றேன். குழுவில் அக்கா இடத்துக்கு மலையாளம் தெரியாத யாரையாவது பார்க்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர்.

இன்று காலை கோடி நிரையில் ஒரு புதுப் பெண் தனியாக நிற்கிறாள். ஆபீஸ் ஜன்னலில் இருந்து தெரிகிறது. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் ஏறிப் போகிறான்.

போய் வாருங்கள், அக்கா. அவளுக்குப் பக்கத்தில் போய் நிற்க இங்கே யாருமில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.