உத்தரம் விரிந்த அன்று

இருநூறு வருஷங்களுக்கு முன், பெண்பிள்ளைகளுக்கு எழுத்தைவிட அடக்கம்தான் முக்கியம் என்று ஊரே நம்பிய காலத்தில், ஒரு பள்ளிக்கூடத்து மாடியறையில் அவள் நல்லொழுக்கம் கற்பித்தாள். கல்யாணம் ஆகவில்லை, புத்தகம் தைக்கிற அண்ணன் வீட்டில் இருந்தாள். உதட்டில் விரலை வைத்து அவள் "உஷ்" என்றால் ஈ பறப்பதுகூடக் கேட்கும். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் உஷ்ஷம்மா. அது காதுக்கு வந்தபோது அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

பள்ளியை நடத்திய பெரியவருக்கு அதைவிடப் பெருமை. விருந்தாளிகள் வந்தால் ஒரு வித்தை காட்டுவார். பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு உஷ்ஷம்மா கீழே வந்துவிட வேண்டும். பேசி முடித்து எல்லாரும் மேலே போய்ப் பார்த்தால், ஒருத்திகூட அசைந்திருக்க மாட்டாள்.

அந்த வருஷம் அடைமழை. மாடிக்கூரை ஒழுகுகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், "பார்த்துக்கலாம்மா" என்று பெரியவர் தட்டிக்கழித்தார். ஒழுகிக்கொண்டிருக்கும்போதே விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள்.

"நான் வர்ற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. என்ன ஆனாலும் சரி," என்று சொல்லிவிட்டு அவள் கீழே போனாள்.

பேச்சுக்கு நடுவே மேலே மளுக்கென்று ஒரு சத்தம். உஷ்ஷம்மா எழுந்தாள்.

"மழைக்கு மரம் முறுக்குது. உட்காரும்மா," என்றார் பெரியவர்.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு சலவைக்காரியின் மகள் வந்து நின்றாள். வாயாடி என்று பெயரெடுத்தவள். தலை முழுக்கச் சுண்ணாம்புத் தூள்.

"அம்மா, கூரை உத்தரம் விரியுதும்மா! மேலேருந்து கொட்டுது!"

"யாரைக் கேட்டு எழுந்து வந்தே?" என்று பெரியவர் சீறினார். "முட்டி போட்டு மன்னிப்புக் கேளு முதல்ல."

வாயாடி அவர் பக்கமே திரும்பவில்லை. "நான் கூப்பிட்டேம்மா. ஒருத்தியும் வர மாட்டேங்கிறா. நீங்க சொல்லணுமாம்."

உஷ்ஷம்மா சடாரென்று எழுந்தாள். படிகளில் தாவி ஏறினாள்.

பிள்ளைகள் மடியில் கைகோத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தோளில், இமையில் எல்லாம் வெள்ளைத் தூள். எல்லார் கண்ணும் மேலே. கடைசிக் குட்டி சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தது.

"எழுந்து ஓடுங்கடி!"

ஒருத்தியும் நகரவில்லை. அவள் கத்துவதை அவர்கள் கேட்டதே இல்லை. இதுவும் சோதனையோ என்று திருதிருவென முழித்தார்கள். அவள் கையைப் பிடித்து இழுத்தாள், முதுகில் அடித்தாள், வாசலைப் பார்த்துத் தள்ளினாள். பின்னாலேயே ஓடிவந்த வாயாடி, ஒவ்வொருத்தியாகப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டாள். கடைசிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு உஷ்ஷம்மா வாசலைத் தாண்டவும், உத்தரம் பெஞ்சுகள்மேல் விழவும் சரியாக இருந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மறுநாள் ஊரில் கிளம்பிய பேச்சுதான் அவளைக் கலங்கடித்தது. உத்தரமே விழுந்தாலும் அசையாத பிள்ளைகளாம்! பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாயாடி மட்டும் எல்லார் முன்னாலும் முட்டி போட்டாக வேண்டும் என்றார்.

"அவ போட மாட்டா. நான் போட வைக்கவும் மாட்டேன்," என்றாள் உஷ்ஷம்மா.

"எதிர்த்தா பேசுறே? அப்போ உனக்கு இங்க வேலையில்ல."

வீட்டில் அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டாள். அண்ணன் தன் பட்டறையில் பாடம் நடத்த ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார். சலவைக்காரி தன் மகளைக் கூட்டி வந்தாள். அதைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகளும் வந்தார்கள்.

"எல்லாரும் நேரா உட்காருங்க," என்று உஷ்ஷம்மா ஆரம்பித்தாள்.

"எதுக்கும்மா?" என்றாள் ஒருத்தி.

சுள்ளென்று கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் பதிலும் தெரியவில்லை.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.