தேசம்மாவின் வெண்கலச் சக்கரம்

போன வாரம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல் ஒன்றுக்கு உறை போட வேண்டுமாம். முன்பெல்லாம் மாவு மாதிரி ஏதோ ஒன்றை வாயில் அப்பி அச்செடுப்பார்கள், நமக்குக் குமட்டிக்கொண்டு வரும். இந்த முறை அந்தப் பெண் டாக்டர் பேனா போன்ற ஒன்றை வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். எதிரே இருந்த திரையில் என் பல் ஒரு குன்று மாதிரி எழுந்து நின்றது. பிறகு மூலையில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளைக் கட்டி ஒன்றைப் பொருத்தினார். உள்ளே தண்ணீர் பீய்ச்சியடிக்க, இரண்டு குட்டி ஊசிகள் அந்தக் கட்டியை என் பல்லுக்கான உறையாகக் கடைய ஆரம்பித்தன.

"பயப்படாதீங்க மேடம், மெஷின் சத்தம்தான்" என்றார்.

எனக்கா பயம்? பாதி மரத்த வாயோடு நாற்காலியை விட்டு இறங்கிப்போய், அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். பெட்டியிலிருந்து வந்த ஈர வாசனை என்னை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வடசென்னை எர்ணாவூரில் இறக்கிவிட்டது.

இரும்பை வெட்டும்போது சூடு ஏறாமல் இருக்க ஊற்றுகிற கூலன்ட்டின் வாசனையை உங்களுக்கு எப்படிச் சொல்வது? பார்க்கத் தண்ணீர் கலந்த பால் மாதிரி இருக்கும். புளித்த மோரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தால் வருமே, கிட்டத்தட்ட அது. தலைமுடியில் ஏறினால் சீயக்காய்க்கும் மசியாது. டிப்ளமோ முடித்து நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஷெட் முழுக்க அந்த வாசனைதான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்துவிடும் என்பதால் வருத்தமில்லை.

எங்கள் வீடு வியாசர்பாடி குடியிருப்பில். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு என் வேலையைப் பற்றி ஊருக்குச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. "எம்பொண்ணு கம்ப்யூட்டர்லயே இரும்ப அறுக்குது" என்பார். கீழ்வீட்டு மாமா ஒருநாள் கவலையோடு கேட்டார்: "அந்த டிவிப் பொட்டிக்குள்ள இரும்பு எப்டி நைனா போவும்?" அப்பா அசரவில்லை. "அத்தெல்லாம் போவும்" என்றார். நான் கொண்டுவந்து கொடுத்த பித்தளைச் சீவல் சுருள் ஒன்று வெகுநாள் எங்கள் வீட்டுப் புத்தர் படத்துக்குக் கீழே மினுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. ஷெட்டில் நாங்கள் மூன்று பேர். முதலாளி தனபால் சார் அதுவரை லேத் வைத்துப் பிழைத்தவர். ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போய்வந்து, துறைமுகம் வழியாக ஜப்பானில் ஓடிக் களைத்த, எண்களைப் படித்துத் தானாகவே உலோகத்தை வெட்டும் சிஎன்சி மெஷின் ஒன்றை வரவழைத்துவிட்டார். கூடவே, மூடிப்போன ஆலை ஒன்றின் ஏலத்தில் அளவெடுக்கும் மெஷின் ஒன்றும். மெஷினை ஓட்டுவது தண்டையார்பேட்டை கபீர் பாய். கணினியில் படம் வரைந்து, மெஷினுக்குப் புரிகிற எண்களாக மாற்றிக் கொடுப்பது நான். மெஷினின் திரையில் எச்சரிக்கை எல்லாம் ஜப்பானிய மொழியில் வரும். கபீர் பாய் அவற்றுக்கு அகராதியே வைத்திருந்தார். "ஏணி மாரி எழுத்து வந்தா எண்ணெ இல்லன்னு அர்த்தம். கொடை மாரி எழுத்து வந்தா கதவு தொறந்து கீது. ரெண்டும் சேந்து வந்தா நாம டீ குடிக்கப் போவலாம்."

டீ குடிக்க நிறைய நேரம் இருந்தது. வேலைதான் வரவில்லை. தெரிந்த லேத்துக்காரரிடம் கொடுத்துப் பழகியவர்கள், தானாக ஓடும் மெஷினை நம்பவில்லை. மெஷினை விற்றுவிட தனபால் சார் ஒரு புரோக்கரிடம் பேச ஆரம்பித்திருந்தார். எங்களிடம் சொல்லவில்லை, ஆனால் அந்தப் புரோக்கர் வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதை நாங்கள் பார்த்தோம்.

அந்தச் சமயத்தில்தான் தேசம்மா அக்கா வந்தார். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர், சொந்தமாக விசைப்படகு ஒன்று வைத்திருந்தார், அதில் இரண்டு மகன்களும் போய்வந்தார்கள். ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்ததை மேஜைமேல் டொக்கென்று வைத்தார். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய வெண்கலச் சக்கரம், அதன்மேல் வளைந்த ஆறு இறகுகள். கடல்தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிர வைக்கும் பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர். ஒரு இறகு பாதி உடைந்திருந்தது. மற்றவற்றை உப்புத்தண்ணீர் அங்கங்கே தின்றிருந்தது.

"ராயபுரம் பூரா கேட்டுட்டேன். ஜப்பான்காரன் இன்ஜினாம், சாமான் வர மாசக்கணக்கா ஆவுமாம். ஒருத்தன் இத்தயே மண்ணுல அமுக்கி வாத்துக் குட்தான். போட்டு ஓட்டுனா இன்ஜினு கொதிச்சிக்கினு கீது. மீன்புடித் தடை முடியப் போவுது. எல்லா போட்டும் கெளம்பும்போது என் போட்டு மட்டும் கரையில கெடக்கணுமா?"

தேய்ந்ததைப் பார்த்து வார்த்தால் தேய்ந்ததுதானே வரும். தனபால் சார் என் முகத்தைப் பார்த்தார். "முடியுமாம்மா?"

"முடியும் சார்." எனக்கு எப்போதுமே மூளைக்கு முன்னால் வாய் புறப்பட்டுவிடும். கபீர் பாய் இருமினார்.

அளவெடுக்கும் மெஷினைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வழவழவென்று ஒரு கருங்கல் மேஜை. மேலே தொங்கும் குச்சியின் நுனியில் கடுகு அளவுக்குச் சிவப்புக் கல்குண்டு. அதைப் பொருளின்மேல் தொட்டால் 'பீப்' என்று ஒரு சத்தம். திரையில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். ஒவ்வொரு இறகாகத் தொட்டுக்கொண்டே போனேன். திரையில் ஆறு வளைவுகள் முளைத்தன, எல்லாமே குறை. ஒன்றுக்கு நுனி இல்லை, ஒன்றுக்கு அடி இல்லை, ஒன்றுக்கு நடுவில் ஓட்டை.

எதை நம்புவது? ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று ஒரு இறகின் புள்ளிகளை மட்டும் சக்கரத்தின் மையத்தை வைத்துச் சுழற்றி, அடுத்த இறகின்மேல் கொண்டுபோய் வைத்தேன். இதில் இல்லாத நுனி அதில் இருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்றாவதைச் சுழற்றி வைத்தேன், நான்காவதை வைத்தேன். உப்பு ஒரே இடத்தில் எல்லா இறகையும் தின்னவில்லை. அரிக்காத துண்டுகளை மட்டும் விட்டுவைத்து மற்றப் புள்ளிகளை அழித்தேன். திரையில் முழுசாக ஒரே ஒரு இறகு, பட்டறையிலிருந்து புதிதாக வந்தது போல நின்றது.

"பாய், இங்க வாங்க" என்று நான் கத்திய கத்தலில், கை மாட்டிக்கொண்டதோ என்று தனபால் சாரும் ஓடி வந்தார்.

முதலில் மரத்தில் வெட்டிப் பார்த்தோம். மெஷின் வந்த பெட்டியின் பலகைதான். ஷெட் முழுக்கத் தேவதாரு வாசனை. அந்த மரச் சக்கரத்தைத் தேசம்மா அக்கா மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். பம்பில் பொருத்திப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பி வந்தார். "அளவு எடுத்துத் தெச்ச ஜாக்கெட்டு மாரி கீது. வெண்கலத்துல அடிச்சிக் குடு கண்ணு."

வெண்கலத்தில் ஒரு சிக்கல். அந்தப் பழைய மெஷினின் ஞாபகசக்தி மிகக் குறைச்சல். என் நிரல் முழுவதும் அதற்குள் அடங்காது. கணினியிலிருந்து ஒரு கேபிள் வழியாக வரி வரியாக அனுப்ப வேண்டும், குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவது போல. நடுவில் நின்றால் மெஷின் தான் எங்கே இருந்தது என்பதையே மறந்துவிடும். எங்கள் பக்கத்தில் கரன்ட் அடிக்கடி போகும். காலையில் கரன்ட் வந்ததும் தொடங்கினோம். திரையில் எண்கள் ஓட ஓட, வெண்கலச் சீவல்கள் பொன்வண்டு மாதிரி பறந்தன. தேசம்மா அக்கா ஸ்டூலைக் கதவருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, எண்களையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து இறகு முடிந்து ஆறாவது பாதியில் இருக்கும்போது விளக்கு அணைந்தது. சுழன்று வெட்டிக்கொண்டிருந்த கட்டர் உலோகத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

தேசம்மா அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து, "செத்துப்போச்சா?" என்றார்.

"சாவல. தூங்குது" என்றார் கபீர் பாய். ஆனால் அவர் நெற்றியில் வேர்வை.

யுபிஎஸ் இருந்ததால் என் கணினி மட்டும் உயிரோடு இருந்தது. எந்த வரிவரை போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். கரன்ட் வந்ததும் கபீர் பாய் கட்டரை மெதுவாக மேலே எடுத்தார். சக்கரத்தின் நடுத்துளைக்குள் மயிரிழை விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை விட்டு, அதன் முள் அசையாமல் நிற்கும்வரை சுற்றிச் சுற்றி மையத்தைத் திரும்பக் கண்டுபிடித்தார். முள் நின்றதும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சில வரிகள் பின்னால் போய் அங்கிருந்து அனுப்பினேன். கட்டர் இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடைகிற சத்தம் வரவில்லை. பழைய ரீங்காரம்தான் வந்தது.

வெளியே எடுத்த சக்கரம் கையில் வெதுவெதுவென்று இருந்தது. ஆறாவது இறகில் மட்டும் கட்டர் நின்ற இடத்தில் மெல்லிய கோடு. "இன்னா கண்ணு இது?" என்று தேசம்மா அக்கா விரலால் தடவினார். கரன்ட் போன இடம் என்றேன். "போவட்டும், மச்சம்னு வெச்சிக்கலாம்" என்றார்.

மறுநாள் தனபால் சார் ஷெட்டைப் பூட்டிவிட்டு எங்களைக் காசிமேட்டுக்கு அழைத்துப் போனார். தேசம்மா அக்காவின் பெரிய மகன் இன்ஜினை முடுக்கினான். புகை வந்தது, படகு குலுங்கியது. குளிரவைத்த தண்ணீர் வெளியே வரவேண்டிய குழாய் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு துப்பு, இன்னொரு துப்பு. அப்புறம் கை தடிமனுக்குத் தண்ணீர் கொட்டியது பாருங்கள். கபீர் பாய் பக்கத்துப் படகில் ஏறி, அங்கிருந்து எக்கிக் கையை நீட்டிப் பார்த்தார். "கொதிக்கல மாமு, வெதுவெதுன்னு கீது" என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார். மாமு என்றதை தனபால் சார் கவனிக்கவே இல்லை. சட்டை நனைய அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

தடை முடிந்து போன படகுகளில் அதுவும் போயிற்று. அடுத்த வாரமே எங்கள் ஷெட் வாசலில் உடைந்த பம்புகளோடு ஆட்கள் நின்றார்கள். புரோக்கர் மறுபடி வந்தபோது, அவரை உட்கார வைத்துப் பேசக்கூட முதலாளிக்கு நேரமில்லை. அதற்கப்புறம் நல்ல சில வருடங்கள் ஓடின.

இப்போது அந்த இடம் கன்டெய்னர் லாரிகள் நிறுத்தும் திடல். கபீர் பாய் மஸ்கட்டில் பேரன்களோடு இருக்கிறார். தனபால் சார் இல்லை. மெஷினை யாரோ கோயம்புத்தூருக்கு வாங்கிப் போனதாகக் கேள்வி. நான் இப்போது வேலை பார்க்கிற ஆலையில் நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுகிறது. வெட்டிய பொருளை இயந்திரக் கை எடுத்து வைக்கிறது, கதவருகே யாரும் ஸ்டூல் போட்டு உட்காருவதில்லை.

சில மாதங்களுக்கு முன் காசிமேட்டில் மீன் வாங்கப் போனபோது தேசம்மா அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரை, குரல் மட்டும் அப்படியே. படகை விசாரித்தேன். பலகையெல்லாம் இற்றுப்போய் உடைத்து விற்றாகிவிட்டதாம், இன்ஜின் பம்போடு பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போயிற்றாம்.

"அந்தச் சக்கரம்?"

"அது தேயவே இல்ல கண்ணு" என்றார். "போட்டுதான் தேஞ்சிப் போச்சி." சொல்லிவிட்டு, அடுத்த கூடைக்கு விலை கூவத் திரும்பிக்கொண்டார்.