பாலகாட்டில் தேளம்மா ஆகிவிட்ட சிங்க இறால்

சனிக்கிழமை காலை 6.10க்குக் குரல் செய்தி வந்தது. பேசியது என் மனைவியின் அண்ணன் செல்வம். "மச்சான், தேளம்மா கல்லு விரிசல் வுட்டுடுச்சு. சாயங்காலம் ஏரில வுடப் போறோம்." விரிசல் விட்ட சாமியை அவர்கள் வீட்டில் வைப்பதில்லை.

என் மனைவி சுகந்தி இறந்து ஏழு மாதம். அந்தக் கல்லில் இருப்பது தேளே அல்ல, என்றோ அற்றுப்போன ஹோப்லோபாரியா என்ற சிங்க இறால் பேரினத்தின் புதைபடிவம் என்பாள். "கே.ஜி.எஃப் பாறை உருவான காலத்தில் இறாலே கிடையாது" என்று இன்ஜினீயரான நான் சிரித்தேன். வந்து பார் என்றாள். போகவில்லை. அவள் சொன்னது சரியா என்று பார்க்க இனி மாலை வரைதான் நேரம்.

பெங்களூரு கண்டோன்மென்டில் 8.20 ரயில், டிக்கெட் 30 ரூபாய். காலைக் கூட்டமெல்லாம் எதிர்த்திசையில், அதனால் உட்கார இடம் கிடைக்கும். 10.45க்கு கே.ஜி.எஃப் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷன். அங்கிருந்து அவர்கள் வீடிருக்கும் பாலகாட்டுக்கு ஆட்டோ 80 ரூபாய்.

"இன்னா மச்சான், கல்லு போவும்போதுதான் வழி தெரிஞ்சுதா?" என்றார் செல்வம்.

கல் உள்ளூர்ப் பாறையே அல்ல என்று அன்றுதான் தெரிந்தது. 1890களில் தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேற்பார்வையாளர் ஒருவர், அங்கிருந்து கொண்டுவந்திருந்ததை, சுரங்க ஷாஃப்டில் தச்சராக இருந்த இவர்கள் முன்னோருக்குக் கொடுத்தது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தேள் அதிகம். கோலாரில் தேளுக்கு அம்மன் சன்னிதியே உண்டு. இடுக்கிபோன்ற முன்கொடுக்கைப் பார்த்ததும் இதையும் சாமியாக்கிவிட்டார்கள். ஆடி வெள்ளிதோறும் பூசிய எண்ணெயும் மஞ்சளும் விரல் தடிமனுக்கு இறுகிப்போய், முன்கொடுக்கு மட்டும்தான் தெரிந்தது.

சுரண்டலாமா என்று கேட்டேன். மாமியார் முறைத்தார். "அம்மன் மேல பிளேடா? நல்லாருக்கு மாப்ள!" பிறகு குரல் இறங்கியது. "கடைசிக் குளியல் பாக்கி இருக்குது. வூட்டுப் பொண்ணு செய்யணும். நீங்க செய்ங்க."

வெந்நீர், சீயக்காய், தேங்காய் நார். நாற்பது நிமிடம். வால் நுனியில், தேளுக்குக் கொட்டும் முள் இருக்கவேண்டிய இடத்தில் விசிறிபோல விரிந்த ஐந்து தகடுகள். விரிசல் மேற்பூச்சோடு போய்விட்டது. கல்லில் ஒரு கீறல்கூட இல்லை.

"இறால்தான்," என்றேன்.

"அப்போ நூறு வருஷமா இறாலுக்கா பொங்க வெச்சோம்?" செல்வம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வாய மூடு. இந்த வூட்ல யாரையாவது தேள் கொட்டுச்சா? கல்லு ஒடையல, எங்கயும் போவாது." மாமியார் மறுபடி மஞ்சள் குழைத்தார். வாலுக்கு வந்ததும் கை நின்றது. "இத வுட்டுடறேன். அவ உங்களுக்குக் காட்டச் சொன்னது இதான்."

போக நினைப்பவர்களுக்கு: அது ஒரு குடும்பத்தின் பூஜையறை, அருங்காட்சியகம் அல்ல. பின்னூட்டத்தில் எழுதுங்கள், அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். போனில் கூப்பிட வேண்டாம். திரும்பும் ரயிலில் வாலின் படத்தை சுகந்தியின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், "நீ சொன்னதுதான் சரி" என்று. போய்ச் சேரவில்லை என்ற ஒற்றை டிக்தான் விழுந்தது. பங்காரப்பேட்டை வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனை அணைத்துவிட்டேன்.