பூச்சி மருந்து

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஆராதனைக்கு இரண்டாம் மணி அடித்தபோது, அப்பா ராணியை வைக்கோல் அறைக்குள் விட்டுப் பூட்டினார். அப்போது நாங்கள் கொட்டாரத்தில் இருந்தோம். அப்பா அங்கே பள்ளித் தலைமையாசிரியர். ராணி எங்கள் நாய். முதல் ஈற்றில் குட்டி சிக்கிக்கொண்டு, நாகர்கோவில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்துதான் அவளை மீட்டார். இன்னொரு ஈற்றை இவள் தாங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் பருவம் வரும் நாட்களில் அவளை வெளியே விடுவதில்லை.

ஆலயத்திலிருந்து திரும்பிப் பூட்டைத் திறந்தால், ராணியின் பின்னால் ஒரு தெருநாயும் வெளியே வந்தது. வைக்கோலுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"நல்ல காவல் அத்தான்! மாப்பிள்ளையை உள்ள வச்சில்லா பூட்டியிருக்கிய," என்று மாமா சிரித்தார். அம்மா என்னைக் கிணற்றடிக்கு விரட்டினாள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் காதில் விழக்கூடாத சொற்கள் நிறைய இருந்தன.

கரு தங்காமலிருக்க ஊசி உண்டு என்று மாமா கேள்விப்பட்டிருந்தார். மறுநாள் அப்பா விடுப்பெடுத்து நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார். அங்கே நடந்தது பின்னாளில் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டர் அப்பாவிடம் படித்தவர். ஆடும் மாடுமாக நின்ற கூட்டத்தில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாரும் இருந்திருக்கிறார்கள். "என்ன சார், ராணிக்கு என்ன?" என்று டாக்டர் கேட்டதற்கு அப்பா சொன்ன பதில்: "வயித்துல பூச்சி."

அப்பா கொண்டுவந்த பூச்சி மருந்துப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த அம்மா, "இதுக்கா பஸ் ஏறிப் போனிய?" என்றாள்.

"நாளைக்குப் போறேன்."

அந்த 'நாளைக்கு', பரீட்சை, இன்ஸ்பெக்‌ஷன் என்று தள்ளிக்கொண்டே போனது. அம்மா எள்ளும் கருப்பட்டியும் இடித்துக் கொடுத்தாள். அன்னாசி நறுக்கி வைத்தாள். ராணி எல்லாவற்றையும் வாலாட்டிக்கொண்டு தின்றாள். பொட்டலம் தீரும்வரை நான் மருந்தைச் சோற்றில் பிசைந்து வைத்தேன். வயிறு பெருத்தபோது பூச்சிதான் வளர்கிறது என்று நம்பினேன்.

ஒரு நாள் விடியும்போதே ராணி முக்கத் தொடங்கினாள். அப்பா டாக்டருக்கு ஆளனுப்பினார். வெயில் ஏற ஏற முனகல் குறைந்தது. தண்ணீர்க் கிண்ணத்தை வாயருகே பிடித்தேன், நாக்கை நீட்டவில்லை. ஒரு குட்டியும் வெளியே வரவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொண்டேயிருந்தார், அவள் அசைவற்றுப்போன பிறகும்.

இப்போது என் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, "ஒண்ணுமில்லம்மா" என்று எழுந்துபோகும் நாட்களில் எனக்கு உறக்கம் பிடிப்பதில்லை. அன்று எனக்கு எதுவும் விளங்கவில்லை. மருந்து போதாமல் போயிற்று என்றுதான் அழுதேன்.

டாக்டர் சைக்கிளில் வந்துசேர்ந்தபோது மதியம் கடந்திருந்தது. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எழுந்து கை கழுவினார்.

"இது பூச்சியில்லையே சார்."

அப்பா என் பக்கம் கண்ணைக் காட்டினார். "பிள்ள நிக்கு."

"நிக்கட்டும் சார்," என்றார் டாக்டர். "அன்னைக்கே விஷயத்தைச் சொல்லியிருந்தா ஒத்த ஊசி போதும். இவ இருந்திருப்பா."