அக்கா அடுக்கிய எழுத்துகள்

நடந்தது ஆவடியில். பட்டப்பகலில். செலின் என்கிற பெண்ணுக்கு. அவள் இப்போது சென்னீர்குப்பத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். போய்க் கேட்டால் அவளே சொல்வாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை. கொஞ்சம் குறைத்திருக்கிறேன்... தனியாக உட்கார்ந்து படிப்பவர்களும் இருப்பீர்கள் என்பதால்.

செலினுக்கு ஓர் அக்கா. பெயர் ஷர்மிளா. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் பால்ராஜுக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பால்ராஜ் தென்காசிப் பக்கத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். ஆவடி குவார்ட்டர்ஸில் வேப்பமரம் சூழ்ந்த பழைய வீடு. ஷர்மிளா அங்கேயே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்தாள். குழந்தை இல்லை. கல்யாணமாகி எட்டாவது வருடம், ஒரு ஜூன் மாதத்தில், திடீரென்று செத்துப்போனாள். ஹார்ட் அட்டாக் என்றார் பால்ராஜ். வண்டியில் ஏற்றும்போதே உயிர் போய்விட்டதாம். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு ஹார்ட் அட்டாக்கா என்று யாரும் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

ஏழு மாதம்கூட ஆகவில்லை. பால்ராஜ் செலினைப் பெண் கேட்டு வந்தார்.

"தெரியாத எவன் கையிலயோ உன்ன புடிச்சுக் குடுக்கறதுக்கு, மாப்ள நமக்குத் தெரிஞ்ச மனுஷன். கவர்மென்ட் வேலை," என்றாள் அம்மா. செலினுக்கு மனசே இல்லை. அக்கா படுத்த கட்டிலில் போய்ப் படுப்பதா? ஆனால் அம்மா அழுதாள். சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். ஜனவரியில் கல்யாணம் முடிந்துவிட்டது.

ஒன்று சொல்லியாக வேண்டும். பால்ராஜ் அவளை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாயங்கால டீயை அவரே போடுவார். அவளை அடுப்புப் பக்கம் விடமாட்டார். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "எங்க ஊட்லயும் ஒண்ணு கீதே, ஒரு சொம்புத் தண்ணி மோந்து குடிக்காது."

ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம். செலின் சமையலறையை ஒழுங்குபடுத்தினாள். கேஸ் அடுப்பு வைத்திருந்த மேடையை ஒட்டிச் சுவரில் ஒரு சந்து. துடைப்பக் குச்சியை விட்டுக் கிண்டினாள். உருண்டு வந்தன ஐந்து பிளாஸ்டிக் சில்லுகள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மஞ்சளாகியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் இங்கிலீஷ் எழுத்து.

அக்காவுடைய டியூஷன் எழுத்துகள். செலினுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சின்ன வயதில் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்ததே இதை வைத்துத்தான். ஒரு வார்த்தையை அடுக்கி முன்னால் வைப்பாள் அக்கா. "இதையே கலைச்சுப் போட்டு வேற வார்த்தை எடு பாக்கலாம்," என்பாள். செலின் எடுக்க எடுக்க, இன்னும் ஒன்று இருக்கிறது, இன்னும் ஒன்று இருக்கிறது என்று உசுப்பேற்றுவாள். அக்கா செத்த வாரமே அவள் சாமான் எல்லாவற்றையும் பால்ராஜ் பழைய சாமான் வண்டிக்குப் போட்டுவிட்டார். மிஞ்சியது இந்த ஐந்துதான்.

கழுவித் துடைத்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். A, E, H, R, T. கை தானாக அடுக்கியது.

HEART.

இதயம். அக்காவைக் கொண்டுபோனது. செலின் அதைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. எழுந்து துணி காயப்போடப் பின்பக்கம் போனாள்.

டக்... டக்... டக்... டக்.

கேரம் காயை மேஜையில் தட்டி வைப்பது போல ஒரு சத்தம். உள்ளே வந்து பார்த்தாள். T மட்டும் மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. மற்ற நான்கும் நேர்வரிசையாக இருந்தன.

HEAR.

கேள்.

ஃபேன் காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். கரண்ட் இல்லை. ஃபேன் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம். தொழிற்சாலைச் சங்கு ஊதி ஓய்ந்தது. பால்ராஜ் வந்து கைகால் கழுவிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். செலின் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கும் வாசனை வந்தது. அவள் முதுகுக்குப் பின்னால்...

டக்... டக்... டக்.

இந்த முறை மூன்று. திரும்பினாள். H, R இரண்டும் கவிழ்ந்து கிடந்தன.

TEA.

"அத்தான், இங்க வாங்களேன்," என்றாள். அவர் தம்ளரோடு வந்தார். மேஜையைப் பார்த்தார். தம்ளரில் இருந்த டீ தளும்பி அவர் விரலில் கொட்டியது. அவர் விரலை உதறவில்லை.

"எங்க கெடச்சுது இது?"

"அடுப்புக்குப் பின்னால."

ஐந்தையும் அள்ளினார். தெருவைத் தாண்டிப் போய்ச் சாக்கடையில் வீசிவிட்டு வந்தார். அன்று இரண்டு முறை கை கழுவினார்.

அடுத்த நாள் மத்தியானம் செலின் குளித்துவிட்டு வந்தபோது ஐந்தும் மேஜைமேல் இருந்தன. ஈரமாக. சாக்கடைச் சேறு வழிந்து மேஜைத்துணியில் கறையாகியிருந்தது. மூன்று எழுத்துகள் மேலே பார்த்தபடி இருந்தன.

RAT.

எலி.

செலின் அவற்றைத் தொடவில்லை. மேஜைத்துணியோடு சுருட்டி அலமாரிக்குள் ஒளித்துவைத்தாள். பால்ராஜிடம் சொல்லவுமில்லை. சனிக்கிழமை முழுவதும் அந்த மூன்று வார்த்தைகளும் அவள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. கேள். டீ. எலி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட்டார்கள். பால்ராஜ் படுத்துவிட்டார். செலின் பின்பக்கம் போய், செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கஸ்தூரியைக் கூப்பிட்டாள்.

"இன்னா செலினு, மூஞ்சி ஏன் இப்பிடி கீது?"

"கஸ்தூரிக்கா, எங்க அக்கா சாவறதுக்கு முன்னாடி எப்பிடி இருந்தா?"

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"சொல்லுங்க."

கஸ்தூரி குரலைத் தாழ்த்தினாள். "நாலு நாளா வாந்தி எடுத்துகினே கெடந்தா. கண்ணெல்லாம் மஞ்சளா பூடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடின்னேன். அவரு பாத்துக்குவாருன்னுட்டா. அண்ணாத்தேதான் லீவு போட்டு வேளாவேளைக்கு டீ போட்டுக் குடுத்துகினு இருந்தாரு. அப்பாலதான் ஹார்ட்டுன்னாங்கோ."

"இந்த வீட்ல எலி இருந்துதா?"

"எலியா?" கஸ்தூரி யோசித்தாள். "அந்த மாசம் உங்க ஊட்டுக்காரரு எலி மருந்து வாங்கினு வந்தாரு. ஊட்ல ஒரே எலின்னாரு. நா ஒரே சுவரு தள்ளி கீறேன், ஒரு எலியக்கூட பாத்ததில்லயேன்னு..."

கஸ்தூரி பேச்சை நிறுத்தினாள். அவள் பார்வை செலினுக்குப் பின்னால் போனது.

சமையலறை ஜன்னலில் பால்ராஜ் நின்றிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியாது.

"உள்ள வா," என்றார். "டீ ஆறுது."

உள்ளே போனாள். அவர் பின்கதவைத் தாழ்போட்டார்.

மேஜையில் இரண்டு தம்ளர். நடுவில் அந்த ஐந்து சில்லுகள். அவள் சுருட்டி ஒளித்த மேஜைத்துணி கீழே கிடந்தது.

"இத நீதான அடுக்குற?"

"இல்ல அத்தான்."

"பின்ன யாரு? செத்தவளா?" புறங்கையால் தட்டிக் கலைத்தார். எதிரே உட்கார்ந்தார். குரல் மெதுவாக இருந்தது. எப்போதும்போல. "எல்லாம் உனக்காகத்தான் செலின். உன்னக் கட்டணும்னுதான். நீயே போயி ஊரக் கூட்டினா எப்பிடி?"

தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"குடி."

செலின் கையை நீட்டினாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தம்ளரைப் பிடித்தாள். தூக்கினாள்.

வரவில்லை.

மறுபடி தூக்கினாள். மேலேயிருந்து யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்ததுபோல... தம்ளர் அசையவில்லை.

"குடின்னு சொல்றேன்ல."

டக்.

இரண்டு பேரும் பார்த்தார்கள்.

டக்... டக்...

ஒரு சில்லு தானாக நகர்ந்து இன்னொன்றின் பக்கத்தில் போய் நின்றது.

டக்.

HATE.

வெறுப்பு.

"அக்கா..." செலின் தம்ளரை விட்டுவிட்டாள். "என்மேலயா அக்கா?"

பிறகுதான் கவனித்தாள்.

எழுத்துகள் அவளுக்குத் தலைகீழாக இருந்தன.

அவை பால்ராஜைப் பார்த்து நின்றன.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நாற்காலியோடு யாரோ பிடித்து வைத்ததுபோல.

டக்... டக்... டக்... டக்...

கொஞ்சம் இடைவெளி.

டக்.

ஐந்து.

EARTH.

மண்.

பால்ராஜ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

மண் வந்தது.

கறுப்பாக. ஈரமாக. உதட்டைத் தாண்டி மேஜையில் கொட்டியது. அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். இருமினார். இன்னும் வந்தது. கையைவிட்டுத் தோண்டினார். தோண்டத் தோண்ட...

செலின் கத்திய கத்தலில் கஸ்தூரி ஓடிவந்து பின்கதவை இடித்தாள். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டது. அவளும் பார்த்தாள். அவர் தரையில் விழும்போது கஸ்தூரி வாசலில்தான் நின்றாள். அதனால்தான் போலீஸ் செலினைச் சந்தேகப்பட்டாலும் மேலே ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூச்சுக்குழல் முழுக்க மண் என்றார் டாக்டர். மண்ணில் விழுந்தாரா என்று கேட்டார். சிமென்ட் தரை போட்ட வீடு அது. பூந்தொட்டிகூடக் கிடையாது.

செலினுக்கு வைத்த டீயைப் போலீஸ் பரிசோதனைக்கு அனுப்பியது. அதில் எலி மருந்து இருந்தது.

அதற்குப் பிறகு செலினும் அம்மாவும் எழுதிக் கொடுத்ததன் பேரில் ஷர்மிளாவின் கல்லறையைத் திறக்க உத்தரவு வந்தது. ஒரு காலைவேளை. தாசில்தார், டாக்டர், போலீஸ், குழிவெட்டும் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். அம்மா வரவில்லை. செலின் போனாள். மேலே பூசியிருந்த சிமென்ட்டில் ஒரு கீறல் இல்லை. பெட்டியில் அடித்த ஆணிகள் துருப்பிடித்து அப்படியே இருந்தன. அவற்றைக் கழற்றவே நேரம் பிடித்தது.

உள்ளே ஷர்மிளாவின் வலதுகை மூடியிருந்தது. டாக்டர் அதைக் கவனித்து மெதுவாகப் பிரித்தார். எலும்பு விரல்களுக்குள் ஒரு சட்டை பட்டன். நீல நிறம். பிய்ந்த நூலும் ஒரு துண்டுத் துணியும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தன. புதைக்கும்போது கூடவே விழுந்திருக்கும் என்றார் தாசில்தார். அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள்.

செலின் குனிந்து பார்த்தாள். அந்தப் பட்டனை அவளுக்குத் தெரியும். பால்ராஜ் செத்த அன்று போட்டிருந்த சட்டையினுடையது அது. ஸ்டேஷனில் அந்தச் சட்டையைக் காட்டியபோது மேல் பட்டன் இருந்த இடத்தில் துணி கிழிந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

அந்தச் சட்டையை ஈஸ்டருக்காக அம்பத்தூரில் எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். ஷர்மிளாவைப் புதைத்துப் பத்து மாதம் கழித்து.