நீல அட்டை தொங்கும் பை

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பேரை வளர்த்து ஆளாக்கினேன். மருமகள் வளர்ந்தே வந்தாள், அதில் எனக்குப் பங்கில்லை. அவளுடைய சக்கரப் பெட்டியில் முன்பெல்லாம் நீல அட்டை ஒன்று தொங்கும். ஒரே விமானக் கம்பெனியில் விடாமல் பறப்பவர்களுக்கு அவர்கள் செய்யும் மரியாதை அது. எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், அவசரம் ஒன்றுமில்லை.

பீங்கான் சூளைகளுக்கு இயந்திரம் அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. இந்த வாரம் குஜராத் என்பாள், அடுத்த வாரம் கல்கத்தா என்பாள். வேறு விமானம் முன்னால் கிளம்பினாலும் ஏறமாட்டாள், தன் கம்பெனி விமானத்துக்காகக் காத்திருப்பாள். பறக்கும் தூரம் மைல் மைலாக அவள் பெயரில் சேரும், நிறையச் சேர்ந்தால் இலவசமாக டிக்கெட் கிடைக்கும் என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாள். எனக்கு உடனே புரிந்தது. நான் சூளைக்குள் தள்ளும் வண்டியில் பீங்கான் பொம்மை அடுக்கியவள். பெரிய பொம்மைகளுக்கு நடுவே கிடக்கும் சந்தில் அகல்விளக்கைச் சொருகுவோம். எப்படியும் எரியப்போகிற நெருப்பு, அதில் நமக்கும் நாலு விளக்கு வெந்துவிடும்.

பெண்ணாடத்தில் நாத்தனார் பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு, தட்டு மாற்றி முடிந்த பிறகுதான் மருமகள் வந்து சேர்ந்தாள். "ஏன் அண்ணி, ஒம் மருமவ பிளேன்லகூட நம்மூரு பஸ்ஸு வரட்டும்னு நிப்பாளாக்கும்?" என்று நாத்தனார் பந்தியிலேயே கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "நிப்பா. காரியம் இல்லாம நிக்கமாட்டா. நீ பாயசத்த ஊத்து," என்றேன். அந்தக் காரியம் என்னவென்று அப்போது எனக்கும் தெரியாது.

என் அக்கா, கட்டிக்கொடுத்த கையோடு அந்தமானுக்குக் கப்பலேறியவள். அம்மா செத்தபோது வந்ததோடு சரி. போன வருஷம் அவள் மகன் போன் செய்தான். அக்காவுக்கு ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டு வருகிறது, பார்வை இருக்கும்போதே உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்கிறாள் என்றான்.

"ஒங்கள அந்தமானுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் அத்தை மைலு சேத்துக்கிட்டு வரேன்," என்றாள் மருமகள். "இப்ப ஒருத்தருக்குத்தான் காணும். கொஞ்ச மாசம் பொறுத்தா நானும் கூட வந்துடுவேன்."

"அவ கண்ணு பொறுக்குமா? நான் ஒண்டியா போறேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். போனை எடுத்து டிக்கெட் போட்டாள். விமான நிலைய வாசலில் தன் பெட்டியிலிருந்த அட்டையைக் கழற்றி என் துணிப்பையில் கட்டினாள். "இதக் காட்டுனா கவனிச்சிப்பாங்க அத்தை. தகிரியமா போங்க."

நானும் அக்காவும் ஒரே ஷெட்டில் பொம்மைக்குக் கண் எழுதியவர்கள். அவளுக்காக இரண்டு பொம்மைகளை வைக்கோல் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். சோதனையில் வைக்கோலைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டேன்.

"என்ன பாட்டி, பொம்மைகிட்ட ரகசியமா?" என்றாள் காவலுக்கு நின்ற பெண்.

"கீறல் இருந்தா அதுவே சொல்லிடும்மா."

அவளும் குந்தி உட்கார்ந்து வைக்கோலைச் சுற்றிக் கொடுத்தாள்.

அந்தமானில் அக்கா என் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கெழவியாயிட்டியேடி," என்றாள். பிறகு பொம்மையை எடுத்துத் தட்டிக் கேட்டாள். "நல்லா வெந்திருக்கு."

இப்போது அவளுக்கு வெளிச்சமும் தெரிவதில்லை. "ஒம் மூஞ்சி மட்டும் பத்திரமா இருக்குது," என்கிறாள் போனில்.

ஊர் திரும்பி அட்டையைக் கொடுத்தபோது மருமகள் வாங்கவில்லை. "இருக்கட்டும் அத்தை. நான் மைலு மொதல்லேருந்து சேத்துக்கறேன்." அது இன்னும் என் துணிப்பையில் தொங்குகிறது. பக்கத்து அறையில் அவள் நாளைய பயணத்துக்குப் பெட்டி அடுக்குகிறாள். அவளை நேரில் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை.

பேத்தியைக் கூப்பிட்டேன். "இந்தா பாப்பா, ஆயா எழுதினதப் படிச்சிக் காட்டு. சத்தமா படி, உங்கம்மாவுக்குக் கேக்கணும்."