கல்லை விட்டு ஓடிய பியேரா

இத்தாலியின் மோன்சா கார் பந்தயப் பாதையில், லெஸ்மோ வளைவின் கம்பி வேலிக்குக் கொஞ்சம் பின்னால், மரத்தடியில் நிற்கிறது பியேரா பலோத்தாவின் வண்டி. சலமெல்லா என்கிற பன்றிக்கறித் தொத்திறைச்சியை நீளவாக்கில் பிளந்து கல்லில் சுட்டு, வெங்காயத்தோடு ரொட்டிக்குள் திணித்துத் தருவாள். முப்பது வருடமாக அங்கேயே இருந்தும், ஒரு கார் இன்னொன்றை முந்தியதை அவள் பார்த்ததில்லை. அடுப்பு காட்டைப் பார்த்து இருக்கிறது. கல்லில் கறி கிடக்கும்போது நகரக் கூடாது என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

ஆனாலும் பந்தயம் எப்படிப் போகிறது என்று ரொட்டிக்கு நிற்கிற எங்கள் வரிசையை வைத்தே சொல்லிவிடுவாள். டயர் தேயாமல் உழைத்தால் கார்கள் சாமி ஊர்வலம்போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், எங்களுக்குப் பசி வந்துவிடும். டயர் வெடித்தாலோ, நீட்டிய ரொட்டியைக்கூட வாங்காமல் வேலிக்கு ஓடிவிடுவோம்.

"டயர் நல்லாருந்தா என் பிழைப்பு நல்லாருக்கும். டயர் போச்சுன்னா நீங்க ஓடிடுவீங்க, நானும் கறியும்தான் மிச்சம்" என்பாள்.

திரும்பி வந்து ஆளுக்கொரு கதை சொல்வோம். "மூணு பேருக்கு மூணு பந்தயமாப்பா நடந்துச்சு?" என்று கேட்பாள். நான் குழாய் ரிப்பேர்க்காரன், வாய் சும்மா இருக்காது. "உங்களுக்குப் பந்தயமெல்லாம் புரியாது ஷூரா" என்பேன். இந்தப் பக்கம் பெரிய மனுஷிகளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"புரியுதா இல்லையான்னு ஒருவாட்டி பார்த்துட்டுச் சொல்றேன். ஒரே ஒருவாட்டி, ஒருத்தன் ஒருத்தன முந்துறத என் கண்ணால பார்த்துட்டாப் போதும்" என்பாள். ஒவ்வொரு வருடமும் சொல்வாள்.

போன செப்டம்பரில், பந்தயம் சூடுபிடிக்கட்டும் என்று பந்தயக்காரர்களுக்குச் சீக்கிரம் தேய்கிற டயரைக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒத்திகையிலேயே இரண்டு வெடித்தன. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பயந்து கத்திமேல் நடப்பதுபோல மெதுவாக ஓட்டினார்கள். பியேராவின் வரிசை கழிப்பறைவரை நீண்டது.

"இதுக்கு என் மாமியார் ஓட்டுறதையே பார்த்திருக்கலாம், அதுக்கு டிக்கெட்டும் கிடையாது" என்றான் எனக்கு முன்னால் நின்றவன். ஒரே ஆறுதல், பக்கத்து ஊர் லிஸ்ஸோனே பையன் நேவியோ கலிம்பெர்த்தி முதலில் போய்க்கொண்டிருந்தான்.

அரை மணி நேரம் நின்று என் முறை வந்தபோது கடைசிச் சுற்று. பியேரா இடுக்கியை எடுத்தாள். டமார் என்று ஒரு சத்தம். ஒலிபெருக்கி அலறியது: "நேவியோ! முன் டயர் போச்சு!"

வரிசை இருந்த இடம் தெரியவில்லை. நானும் திரும்பினேன். பின்னாலிருந்து என் காலரைப் பிடித்தது ஒரு கை.

"ஏப்பா ஃபுல்வியோ, இதப் பிடி." இடுக்கி என் கையில் இருந்தது.

"ஷூரா, கடைசிச் சுற்று..."

"எனக்கும் அதே கடைசிச் சுற்றுதான். கறியப் புரட்டு."

அறுபத்தாறு வயதுக்காரி ஏப்ரனோடு ஓடினாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இரும்பு தரையில் உரசுவது கேட்டது, கூட்டம் இரைந்தது. எட்டிப் பார்த்தால் முதுகுகள்தான் தெரிந்தன. இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். முப்பது வருடமாக அவள் ஓடவில்லையே என்று நினைத்தேன். திட்டிக்கொண்டே புரட்டினேன்.

எல்லோரும் கத்திக்கொண்டு திரும்பினார்கள். ஒருவன் என்னிடம் சொல்ல வந்தான். "வாய மூடு. அவங்க சொல்லட்டும்" என்றேன்.

பியேரா மூச்சு வாங்க வந்தாள்.

"டயர் கிழிஞ்சு பட்டை பட்டையா அடிச்சுக்குது. சக்கரம் தரையில தேய்ஞ்சு நெருப்பாப் பறக்குது. பின்னாடியே ஒரு நீலக் கார். நம்ம பையன் விடவே மாட்டேங்கிறான், இந்தப் பக்கம் மறிக்கிறான், அந்தப் பக்கம் மறிக்கிறான்..."

"அப்புறம்?"

அவள் கல்லைப் பார்த்தாள். சலமெல்லாக்கள் ஒரு பக்கம் கரியாகியிருந்தன. அதில் ஒன்றை ரொட்டிக்குள் வைத்து என்னிடம் நீட்டினாள். நான் கடித்தேன். கசந்தது.

"முந்திட்டாம்ப்பா" என்றாள். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "முப்பது வருஷம் கழிச்சு ஒண்ணே ஒண்ணு பார்த்தேன், அது நம்ம பையன முந்துறதாவா இருக்கணும்? ஆனா என்ன அழகா முந்துனான் தெரியுமா, படுபாவி."